ஓய்வு நாளை விற்றுவிடாதீர்கள்



பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தைப்பூசக் காவடி இறங்கிக் கொஞ்ச நாளில் இலை பழுக்கும், காற்றடித்தால் கொத்துக் கொத்தாய் உதிரும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காடே மொட்டையாக நிற்கும். மங்கில் பால் இறங்காது. பிறகு செந்நிறத்தில் கொழுந்து விட்டு, ஒரு மாதத்தில் மறுபடி நிழல் கட்டிவிடும். குளிர் தேசத்துக்காரர்கள் பனி உருகித் தளிர் வருவதை வசந்தம் என்று கொண்டாடுகிறார்கள். நம் பஞ்சாங்கத்தில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். இந்த நாட்டில் பனியும் இல்லை, குளிரும் இல்லை. இருந்தாலும் பால்மரம் கொழுந்து விடும் இந்த மாதங்கள்தான் நமக்கு வசந்தம் என்பேன்.

கெலாங் பாத்தா வட்டாரத்தில் இப்போது பால்மரம் அருகிப்போய்ச் செம்பனையாகிவிட்டது. செம்பனைக்கு இலையுதிர் காலம் கிடையாது; குலை வெட்டு வருசம் பூராவும் உண்டு. 1998 ஜனவரியில் சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம் திறந்த பிறகு எத்தனையோ தீம்பார்கள் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. ஆனால் பருவம் மாறவில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தரை காய்ந்து, மாலையில் கடல் காற்று வருகிற மாதங்கள் இவை. பிள்ளைகுட்டிகளோடு வெளியே கிளம்ப ஏற்ற காலம்.

இன்னொரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. 2014 முதல் 2024 கடைசி வரை ஜோகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. பல தனியார் கம்பெனிகளோ ஞாயிற்றுக்கிழமைதான் லீவு விட்டன. அப்பாவுக்கு லீவு என்றால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பிள்ளைக்கு லீவு என்றால் அப்பாவுக்கு வேலை. இப்படியே பதினோரு வருசம் பல குடும்பங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பகல் சோறு தின்னாமல் ஓட்டிவிட்டன. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு என்று மாறியிருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையை நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

நம்மில் பலர் அதை விற்றுவிடுகிறோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு தரவேண்டும் என்கிறது. அந்த நாளில் அரை நாளுக்கு மேல் வேலை செய்த நாள் சம்பளக்காரருக்கு இரண்டு நாள் சம்பளம் தரவேண்டும் என்றும் சொல்கிறது. அந்த இரட்டைச் சம்பளத்தில்தான் நாம் மயங்குகிறோம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. அரிசி, எண்ணெய், பிள்ளையின் பள்ளி பஸ் காசு போக மிச்சம் என்ன என்று எனக்கும் தெரியும். கஷ்டத்துக்கு ஒரு மாதம் போகலாம். ஆனால் வருசத்தில் ஐம்பத்திரண்டு ஞாயிறும் காட்டிலேயே கழிந்தால், அந்தக் காசு வேறு வழியில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும். முதுகுவலி, முட்டிவலி, தூக்கமின்மை, ரத்தக் கொதிப்பு என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கடைசியா எப்ப லீவு எடுத்தீங்க?" என்பதுதான். பாதிப் பேருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

"நாள் பூரா வேலை செய்யிற உடம்புதானே டிரஸ்ஸர், இதுக்கு வேற விளையாட்டு எதுக்கு?" என்று கேட்கிற அண்ணன்மார் உண்டு. நியாயமான கேள்விதான். பால் வெட்டுகிறவர் ஒரே பக்கம் குனிந்து குனிந்து நடக்கிறார். குலை வெட்டுகிறவர் அண்ணாந்து நின்று ஒரே தோளில் பாரம் தாங்குகிறார். தேய்கிற இடமே தேய்கிறது. ஓய்வில்லாத கடும் உழைப்பு, ஓடி ஆடி விளையாடுவதால் இருதயத்துக்குக் கிடைக்கும் பலனைத் தருவதில்லை என்று ஆய்வுகளும் சொல்கின்றன. இது போக, நம் வீடுகளில் இப்போது பாதிப் பேர் காவல் வேலை, லாரி ஓட்டுதல், பேக்டரி என்று உட்கார்ந்தும் நின்றும் செய்கிற வேலைக்குப் போய்விட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் விளையாடி, மற்ற நாளில் அரை மணி மூன்று தடவை வேகமாக நடந்தால் கணக்கு சரியாகிவிடும்.

நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்தியரை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 சதவீதம். மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. லயத்து வாசலில் மூன்று பேர் நின்று பேசினால் அதில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் விரலை எடுத்துவிட்டு வந்தவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். பாடாங் இருந்தால் பந்து, சடுகுடு. இந்தோனேசியா, வங்காளதேச நண்பர்கள் இருக்கிற தோட்டங்களில் அவர்களையும் கூப்பிடுங்கள். செபாக் தக்ராவில் அவர்களில் சிலர் காட்டுகிற வித்தையைப் பார்க்கவே கூட்டம் கூடும். பிள்ளைகளுக்கு நொண்டி, கயிறு தாண்டல், கில்லி எல்லாம் காசு செலவில்லாதவை. போன் திரையைவிட கண்ணுக்கும் நல்லவை. ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் நாட்டின் டாக்டர் மணி ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றவர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017 வரை யாரும் உடைக்கவில்லை. டாக்டர் படிப்பும் ஓட்டமும் ஒன்றாகப் போகும் என்பதற்கு அவரே சாட்சி. 'விளையாடினால் படிப்பு கெட்டுவிடும்' என்கிற பெற்றோருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆறு நாள் ஓடாமல் இருந்துவிட்டு ஏழாம் நாள் வாலிபனோடு போட்டி போட்டு ஓடாதீர்கள். பத்து நிமிடம் நடந்து, கை கால் நீட்டி மடக்கி, பிறகு இறங்குங்கள். நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்று வந்தால் 'வாய்வு' என்று இஞ்சி தட்டிக் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 999க்கு அடியுங்கள்.

வெயிலும் லேசுப்பட்டதல்ல. இந்நாட்டில் பதிவான உச்ச வெப்பம் 40.1 டிகிரி, பெர்லிஸ் மாநிலம் சுப்பிங்கில், 1998 ஏப்ரல் 9ஆம் தேதி. ஜோகூர் அவ்வளவு காயாது என்றாலும், பகல் பதினொன்று முதல் நான்கு வரை பாடாங் வேண்டாம். வியர்வை நின்றுபோய், தோல் சூடாகி, பேச்சுக் குழறினால் அது சாதாரண மயக்கம் அல்ல. நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஏப்ரல் பிறந்ததும் இன்னொரு தொல்லை: மாலை நேரத்து இடி. வானம் கறுத்து உறுமல் கேட்டதுமே ஆட்டத்தை நிறுத்துங்கள். தனி மரத்தடியிலும் கோல் கம்பத்தருகிலும் ஒதுங்க வேண்டாம்; கட்டடத்துக்குள் போங்கள். 'இன்னும் அஞ்சே நிமிசம்' என்று ஆடியவர்களைத்தான் மின்னல் தேடும்.

தாய்மார்களைப் பற்றி ஆண்களிடம் ஒரு வார்த்தை. உங்களுக்கு ஓய்வு நாள் என்றால் உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு அன்றைக்குத்தான் இரட்டை வேலை. ஆறு நாள் அழுக்குத் துணி, வீடு கழுவுதல், கறி சமையல், உங்கள் கூட்டாளிகளுக்குக் காப்பி. அவரும் காலையில் பெரட்டுக்குப் போய் வந்தவர்தான். வேலைக்காட்டுத் துணியை நீங்களே துவையுங்கள், கை தேய்ந்துவிடாது. மாலையில் நாலைந்து அக்காமார் சேர்ந்து தோட்டச் சாலையில் ஒரு சுற்று நடந்து வரட்டும். அதை வம்பு பேசப் போகிறார்கள் என்று கேலி செய்யாதீர்கள். பேசிக்கொண்டே நடந்தாலும் கால் நடக்கத்தான் செய்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். பக்கத்திலேயே கடல். பெண்டாஸ், தஞ்சோங் கூப்பாங் கம்பங்களில் மீன், நண்டு, இறால் கிடைக்கும். கூப்பாங் என்பதே மலாயில் ஒரு வகைச் சிப்பிக்குப் பெயர். சிப்பி சத்துள்ளதுதான். ஆனால் கடலில் நச்சுப் பாசி பெருகுகிற காலத்தில் அதைச் சிப்பி உண்டு சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்த நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சன் பக்கம் சிப்பி தின்றவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மீன்வளத் துறை எச்சரிக்கை விட்டது. அப்படி எச்சரிக்கை வந்தால் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். தின்ற சிறிது நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போனால் காத்திருக்கவே கூடாது.

வெளியே போகும்போது கடைச் சாப்பாட்டைவிடக் கட்டுச்சோறு மேல். புளிச்சோறு, தேங்காய்த் துவையல், அவித்த மரவள்ளி, நெத்திலிச் சம்பல் எல்லாம் பயணத்துக்குத் தாங்கும். லயத்துக் கொல்லையில் முருங்கை இருக்கும்போது பாசாருக்குக் கீரை வாங்கப் போகிறவர்களை என்ன சொல்ல! சித்திரைப் புத்தாண்டுக்கு வேப்பம்பூப் பச்சடி செய்கிற பாட்டிகள் இருக்கும்வரை பேரப்பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்ளட்டும். ஜோகூர் லக்சாவையும் ஒருநாள் ருசி பாருங்கள், மீன் குழம்பு மாதிரிதான் இருக்கும். தே தாரிக் மட்டும் ஒன்றோடு நிற்கட்டும். அதில் ஊற்றுகிற கட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. தாகத்துக்குத் தண்ணீர்தான்.

சம்சுவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போதைக்கு இது போதும்: 2018 செப்டம்பரில் சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த மலிவு மது குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பிழைத்தாலும் கண் போகிற விஷம் அது.

எங்கே போவது? காசு கட்டிப் பார்க்கிற இடங்கள் நம் பக்கத்தில் வந்துவிட்டன. 2012இல் லெகோலாந்து திறந்ததும் பிள்ளைகள் அடம்பிடிக்காத வீடு இல்லை. குடும்பத்தோடு போனால் ஒரு மாதச் சம்பளத்தில் ஓட்டை விழும். அதைவிட நம் மூக்குக்கு முன்னாலேயே உலகம் மதிக்கிற இடங்கள் உள்ளன. சுங்கை பூலாய் ஆற்றோரப் பாக்காவ் காடு, பூலாவ் கூக்குப் தீவு, தஞ்சோங் பியாய் மூன்றும் 2003இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்தப் பாக்காவ் வேர்களுக்கிடையில்தான் நாம் தின்கிற இறாலும் நண்டும் குஞ்சாக வளர்கின்றன. ஆற்று முகத்தில் கடற்புல் வளர்ந்து கிடக்கிறது, அதில் கடல்குதிரை வாழ்கிறது. தஞ்சோங் பியாய் என்பது ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை. சீனா, இந்தியா எல்லாம் சேர்ந்த இந்தப் பெரிய நிலம் இங்கேதான் முடிகிறது என்று பிள்ளையை நிறுத்திக் காட்டினால், பூகோளப் பாடம் அங்கேயே படிந்துவிடும்.

பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு பஸ் பேசினால் செலவு கையைக் கடிக்காது. திறந்த லாரியில் ஆட்களை ஏற்றிப் போவது மட்டும் வேண்டாம். இடம் திறந்திருக்கிறதா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பழுதுபார்க்கச் சில சமயம் மூடிவிடுவார்கள். சேற்றுக் கரையில் வற்று நேரத்தில் இறங்கினால் ஏற்றம் வருமுன் கரை சேர வேண்டும். ஏற்றம், வற்று நேரத்தைக் கம்பத்து மீனவரிடம் கேட்டால் சொல்வார்.

ஆறு, அருவி என்றால் பிள்ளைகள் குதித்துவிடுவார்கள். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கட்டும், போனைப் பார்த்துக்கொண்டு அல்ல. காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் புண் வழியாக ஏறும். 2010இல் பகாங் மாநிலம் லூபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களிலேயே பலர் எலிக்காய்ச்சலாலும் மண்ணிலிருந்து வரும் மற்றொரு கிருமியாலும் நோய்ப்பட்டார்கள், சிலர் இறந்தார்கள். தின்ற மிச்சத்தை அங்கேயே கொட்டினால் எலிக்கு விருந்து வைத்த மாதிரி. குப்பையைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். போய் வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று ஏதாவது வந்தால், பனடோல் போட்டுப் படுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வந்ததும் முதல் வார்த்தையாக, "ஆத்துல குளிச்சேன் டிரஸ்ஸர்" என்று சொல்லுங்கள். எந்த ஆறு, எந்தத் தேதி என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதும் கடிதத்தில் நான் குறித்து அனுப்புவேன்.