எல்லைக்குள் எழுதும் ஓவியம்

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்துள்ள ஊர் ஆரணி. பட்டு நெசவே அவ்வூருக்குப் பெரும்புகழ் தேடித் தந்த தொழிலாகும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்று. அங்கு நெய்யப்பெறும் சேலைகளின் கரையிலும் முந்தானையிலும் மாங்காய், மயில், அன்னம், கொடி முதலிய பல உருவங்கள் சரிகையில் ஒளிர்வதைக் காணலாம். சில சேலைகளில் ஓர் உருவத்திற்குள் மற்றோர் உருவம் அமைந்திருக்கும். மாங்காயின் வளைந்த எல்லைக்குள் தோகை மயில் ஒன்று அடங்கி நிற்பதைக் காண்போர், அதன் அழகை வியப்பர். அம்மயில் எல்லையைத் தாண்டாமல் நின்ற விதத்தை ஆராய்வோர் சிலரே.

ஒரு வடிவத்தின் எல்லைக்குள் ஒரு படத்தை அடக்கி எழுதுதல் தாளில் எளிது. ஓவியன் தன் கையை எல்லைக்கோட்டில் நிறுத்திக்கொள்கிறான். தறிக்கோ கண் இல்லை. கணிப்பொறிக்கும் கண் இல்லை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அவ்விரண்டிற்கும் முன்னரே கணக்கிட்டுச் சொல்லியாக வேண்டும். இக்கணக்கில் நெசவும் கணிப்பொறியும் உடன்பிறந்தவை போல ஒத்திருக்கின்றன.

துணி என்பது நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களும், குறுக்கே ஓடும் ஊடை நூல்களும் பின்னியது. இரண்டும் சந்திக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு புள்ளி. அப்புள்ளியில் பாவு மேலே தோன்றும். அல்லது ஊடை மேலே தோன்றும். மூன்றாவது நிலை இல்லை. ஆகவே, நெசவிற்கு உருவம் வரைவோர் முதலில் கட்டத்தாளை எடுத்துக்கொள்கின்றனர். ஒரு கட்டம் ஒரு புள்ளியைக் குறிக்கும். நிரப்பிய கட்டங்கள் உருவம். வெற்றுக் கட்டங்கள் நிலம்.

கணிப்பொறியின் திரையும் இத்தகைய கட்டத்தாளே ஆகும். 1,920 நிரல்களும் 1,080 நிரைகளும் கொண்ட திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. சாளரம், பொத்தான், சின்னம் என்று நாள்தோறும் திரையில் காண்பன யாவும் இப்புள்ளிகளின் நிறவேறுபாட்டால் தோன்றுவனவே.

கட்டத்தாளில் எழுதும்போது கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. ஓர் அங்குல அகலத்தில் 80 பாவு நூல்களும், ஓர் அங்குல உயரத்தில் 60 ஊடை நூல்களும் உள்ள துணியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சதுரக் கட்டத்தாளில் 60 கட்ட அகலமும் 60 கட்ட உயரமும் உள்ள வட்டம் ஒன்றை வரைந்து நெய்தால், அதன் உயரம் ஓர் அங்குலமாகும். அகலமோ முக்கால் அங்குலமே ஆகும். வட்டம் முட்டைபோல் நீண்டுவிடும். ஆதலால் நூல்களின் விகிதத்திற்கு ஏற்பக் கட்டங்களும் அமைதல் வேண்டும். திரையில் ஒரு படத்தை வடிவத்திற்குள் பொருத்தும்போதும் இவ்விதியே ஆள்கிறது. படத்தின் அகல உயர விகிதத்தைக் காவாது, வடிவத்தின் அளவிற்கு இழுத்து நிரப்பினால், மயில் பருத்தோ மெலிந்தோ தோன்றும்.

இனி, கட்டத்தாளில் உள்ள உருவம் தறியை அடையும் வகையைக் காண்போம். முன்னாளில் பாவு நூல்களை ஒருவர் வேண்டியவாறு தூக்கிக் கொடுக்க, மற்றொருவர் ஊடையைச் செலுத்துவார். பிரான்சு நாட்டு இலியோன் நகரத்தைச் சேர்ந்த சோசப் மரீ ஜக்கார்டு என்பவர், அதற்கு முன்பு பூசோன், பால்கோன், வோகான்சோன் ஆகியோர் கண்ட வழிகளைச் செம்மை செய்து, 1804-ஆம் ஆண்டில் துளையட்டைகளால் இயங்கும் அமைப்பை உருவாக்கினார். ஓர் அட்டை ஓர் ஊடை வரிக்கு உரியது. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. அதனோடு இணைந்த கொக்கி நிலைபெயராமல் நின்று, பாவு நூலை மேலே தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடுகிறது. கொக்கி விலகி, நூல் தாழ்ந்தே கிடக்கிறது. 'உண்டு', 'இல்லை' என்னும் இரு சொற்களே அட்டையின் மொழி. ஜக்கார்டின் உருவத்தையே 1839-ஆம் ஆண்டில் பட்டில் நெய்தனர்; அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அந்நெசவோவியத்தின் படி ஒன்றை வைத்திருந்த சார்லசு பாபேசு என்னும் ஆங்கிலேய அறிஞர், தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்குத் துளையட்டை முறையையே மேற்கொண்டார். இவ்வாறு, கணிப்பொறியின் வரலாற்றுக்குள் தறியின் ஓசை கலந்திருக்கிறது.

எல்லைக்குள் எழுதுவதற்கு முதலில் விடைகாண வேண்டிய வினா ஒன்று உண்டு: ஒரு புள்ளி எல்லையின் உள்ளே உள்ளதா, வெளியே உள்ளதா? வடிவம் சதுரமாயின் விடை எளிது. மாங்காய்போல் வளைந்த வடிவமாயின் என் செய்வது? இதற்குக் கணித அறிஞர் கண்ட வழி மிக எளியது. அப்புள்ளியிலிருந்து வலப்புறமாக ஒரு நேர்க்கோட்டை முடிவின்றி நீட்டுக. அக்கோடு எல்லையை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணுக. ஒற்றைப்படையாயின் புள்ளி உள்ளே இருக்கிறது. இரட்டைப்படையாயின் வெளியே இருக்கிறது. மாங்காயின் நடுவே ஒரு வட்டத்தையும் வரைந்து, அதனையும் எல்லையாகக் கொண்டால், வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து செல்லும் கோடு இருமுறை எல்லையைக் கடக்கும். ஆகவே அவ்வட்டம் வெற்றிடமாக நிற்கும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வாறு எண்ணிக்கொண்டிருந்தால் காலம் வீணாகும். ஆதலால் கணிப்பொறி ஒவ்வொரு வரியிலும் எல்லை வெட்டும் இடங்களை இடமிருந்து வலமாக வரிசைப்படுத்திக்கொள்கிறது. முதல் வெட்டிலிருந்து இரண்டாம் வெட்டு வரை நிரப்புகிறது, மூன்றாவதிலிருந்து நான்காவது வரை நிரப்புகிறது, இடைப்பட்டவற்றை விட்டுவிடுகிறது. கட்டத்தாளைப் பார்த்து, 'பத்து விடு, ஐந்து எடு, மூன்று விடு, ஐந்து எடு' என்று வரி வரியாகப் படித்து அட்டையில் துளையிடும் முறையும் இதுவே அன்றோ?

எல்லைக்குள் நிரப்புவதற்கு இரு வழிகள் உள்ளன. நெசவில் சரிகையைத் துணியின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை செலுத்தலாம். உருவத்திற்குள் அது மேலே தோன்றும். உருவத்திற்கு வெளியே துணியின் பின்புறம் மறைந்து தொங்கும். பின்னர்த் தொங்கும் பகுதிகளை வெட்டி நீக்குவர். வேலை விரைவாக முடியும்; வெட்டுண்ட சரிகையோ வீணாகும். மற்றொரு வழி, ஒவ்வோர் உருவத்திற்கும் தனித்தனியே சிறு தார்களை வைத்துக்கொண்டு, அவ்வுருவத்தின் எல்லைக்குள் மட்டும் சரிகையை முன்னும் பின்னும் செலுத்துதல். இதில் சரிகை வீணாவதில்லை. நெசவாளர் கை மிகுதியாக உழைக்கிறது.

கணிப்பொறியும் இவ்விரு வழிகளையே கையாள்கிறது. முதல் வழியில், வடிவத்தை எல்லையாக விதித்துவிட்டு முழுப் படத்தையும் வரையுமாறு ஏவுகின்றனர். எல்லைக்கு வெளியே விழும் புள்ளிகள் திரையில் தோன்றாது கழிகின்றன. இரண்டாம் வழியில், படத்தையே வண்ணமாகக் கொண்ட ஒரு தூரிகையால் வடிவத்தின் உட்புறத்தை மட்டும் நிரப்புகின்றனர். தூரிகை முறையில் படம் எவ்விடத்திலிருந்து தொடங்குகிறது என்பதைக் குறித்தல் இன்றியமையாதது. வடிவத்தின் மூலையிலிருந்து தொடங்காமல் சாளரத்தின் மூலையிலிருந்து தொடங்குமாறு விட்டுவிட்டால், வடிவம் நகரும்போது படம் அதனுடன் நகராது. மாங்காய் ஓரிடம் செல்ல, மயிலின் கழுத்து மட்டும் அதற்குள் தெரியும்.

எல்லை விதிக்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அப்போதைய நிலையைச் சேமித்து வைத்தல். அடுத்து எல்லையை விதித்தல். பின்பு படத்தை வரைதல். இறுதியாகப் பழைய நிலைக்கு மீளுதல். இறுதிச் செயலை மறந்தால், அதன்பின் எழுதுவன யாவும் மாங்காய்க்குள்ளேயே சிறைப்படும்; திரையின் ஏனைய இடங்கள் வெறுமையாகக் கிடக்கும்.

வளைந்த எல்லையைக் கட்டங்களில் எழுதும்போது அது படிக்கட்டுப்போல் தோன்றுதல் இயல்பு. திரையில் இதனைத் தணிக்க, எல்லைக்கோடு பாதி மறைக்கும் புள்ளிக்குப் பாதி நிறத்தைக் கொடுக்கின்றனர். பட்டில் ஒரு புள்ளிக்குப் பாதிச் சரிகை கொடுக்க இயலாது. எனவே உருவம் வரைவோர் ஒவ்வொரு படியையும் ஓரிரு கட்டங்கள் கூட்டியும் குறைத்தும், வளைவு கண்ணுக்கு இனிதாகத் தோன்றுமாறு செய்கின்றனர். சூத்திரம் செய்யும் வேலையைப் பயின்ற கண் செய்கிறது.

திரையில் வரையும் கலை விரைந்து வளர்ந்தது. 1963-ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்பவர் ஒளிப்பேனாவால் திரையில் வரையும் முறையைச் செய்து காட்டினார். 1984-ஆம் ஆண்டில் வெளிவந்த மக்கின்டாஷ் கணிப்பொறிக்கு வரைவு நிரல்களை எழுதிய பில் அட்கின்சன், எவ்வகை வளைந்த எல்லையையும் விதிக்க வழி கண்டார். எல்லைக்குள் உள்ள புள்ளிகள் அனைத்தையும் குறித்துவையாமல், எல்லை மாறும் இடங்களை மட்டும் குறித்துவைத்தமையே அவரது திறம். அதனால் சிறிய நினைவகமே உடைய பொறியும் அப்பணியைச் செய்ய முடிந்தது.

இன்று நெசவிற்குரிய உருவங்களைக் கணிப்பொறியில் வரைகின்றனர். நாள்கணக்கில் கட்டங்களை நிரப்பிய வேலை மிக விரைவில் முடிகிறது. ஆயினும் பொறியின் விரைவு பிழைக்கும் விரைவைத் தருகிறது. திரையில் தவறிய ஒரு புள்ளியை நொடியில் திருத்தலாம். அட்டையில் தவறாக விழுந்த ஒரு துளையோ, அவ்வுருவம் சேலையில் வருந்தோறும் அதே இடத்தில் வந்து நிற்கும். பிழைபட்ட சேலைக்கு விலை குறையும். அக்குறை நெசவாளர் பல நாள் உழைத்துப் பெறும் கூலியைத் தாக்கும். ஆகவே கட்டங்களை எண்ணிப் பார்க்கும் பொறுமை, திரையின் முன் அமர்வோர்க்கும் தறியில் அமர்வோர்க்கும் ஒருங்கே வேண்டப்படுவதாகும்.

கணிப்பொறிக் கல்வி புதிது என்றும், கைத்தறி பழைது என்றும் இரண்டையும் வேறுபிரித்து எண்ணுவோர் உளர். உள்ளது எது, இல்லது எது என்று புள்ளி புள்ளியாகத் தேர்ந்து, எல்லை கடவாது உருவத்தை எழுப்பும் அறிவு இரண்டிற்கும் பொது. தறியின் அருகே வளரும் சிறுவர் சிறுமியர் அவ்வறிவின் வாயிலில் முன்னரே நிற்கின்றனர். பெற்றோரின் தொழிலைக் கூர்ந்து நோக்கிக் கற்பார்களாயின், புதிய கல்வி அவர்களுக்கு அயலாகத் தோன்றாது.