பெட்டி வந்துட்டா பாடம் வந்துடுமா?

(தலைப்பு: பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் பாடம் முன்னேற உடனே தேவை நவீனக் கருவிகளா, பயிற்சி பெற்ற ஆசிரியர்களா? 'ஆசிரியர்களே' அணியின் இரண்டாவது பேச்சு.)



எதிரணித் தம்பி ஆவேசமாச் சொன்னார், "வகுப்புக்கு இருபது கம்ப்யூட்டர் இறக்குங்க, பிள்ளைங்க தானா கத்துக்கும்"னு. கேட்கச் சுகமா இருந்தது. நானே கை தட்டினேன். (சிரிப்பு) ஆனா ஐயா, இந்தச் சோதனையை ஒரு நாடு ஏற்கனவே செஞ்சு பார்த்தாச்சு. பெட்டியை வச்சு ஒரு தடவை, பாடத்திட்டத்தை வச்சு ஒரு தடவை. அந்த நாடு இங்கிலாந்து.

1981 டிசம்பர்ல அங்கே 'பி.பி.சி. மைக்ரோ'ன்னு ஒரு கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. கேம்பிரிட்ஜ்ல இருந்த ஏகார்ன் கம்பெனி செஞ்சது. அடுத்த மாசமே அதை ஒட்டி டெலிவிஷன்ல ஒரு தொடரும் வந்தது. அந்தப் பெட்டியை சுவிட்ச் போட்டா படம் வராது, பாட்டு வராது. 'என்ன செய்யணும், எழுது'ன்னு காத்துக்கிட்டு நிக்கும். பிள்ளைங்க 'பேசிக்' மொழியில நாலு வரி எழுதிக் கத்துக்கிட்டாங்க. நம்ம மத்திய அரசு 1984-85ல 250 பள்ளிக்கூடத்துல 'கிளாஸ்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சதே, அதுக்கு வந்ததும் இதே பெட்டிதான்.

அப்புறம் என்ன ஆச்சு? பத்துப் பதினைஞ்சு வருஷத்துல இன்னும் வேகமான பெட்டி வந்தது, கலர் கலரா வந்தது. பாடம் தேய்ஞ்சு போச்சு! கடிதம் டைப் பண்றது, கணக்கைக் கட்டத்துல போடறது, படக்காட்சி தயாரிக்கறது, இதுதான் கம்ப்யூட்டர் பாடம்னு ஆயிடுச்சு. ஹோட்டல்ல மெனு கார்டு படிச்சு ஆர்டர் பண்ணத் தெரிஞ்ச பிள்ளைக்கு சமையல் தெரியும்னு சர்டிபிகேட் கொடுத்தா எப்படி? அப்படி. (கைதட்டல்)

2011 ஆகஸ்டில் எடின்பரோவில் பேசிய கூகுள் நிறுவனத்தின் எரிக் ஷ்மிட், சாப்ட்வேரை உபயோகிக்கச் சொல்லித் தருகிறீர்கள், அது எப்படி உருவாகிறது என்று சொல்லித் தருவதில்லையே என்று கேட்டார். 2012 ஜனவரியில் ராயல் சொசைட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தக் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? ஸ்டீவ் பர்பர். அந்தப் பழைய பி.பி.சி. மைக்ரோவை வடிவமைச்சவங்கள்ல முக்கியமானவர்! பெட்டி செஞ்ச மனுஷனே வந்து, பாடத்தை மாத்துங்க, அதுக்குத் தகுந்த ஆசிரியர்களைத் தயார் பண்ணுங்கன்னு சொல்றார். தம்பி, இதைக் கொஞ்சம் குறிச்சுக்குங்க. (சிரிப்பு)

2014 செப்டம்பரில் புதிய பாடத்திட்டம் அமலுக்கு வந்தது. அஞ்சு வயசுக் குழந்தைக்கு 'அல்காரிதம்'. பதினாலு வயசுக்குள்ள ரெண்டு கம்ப்யூட்டர் மொழி.

"அஞ்சு வயசுக்கு அல்காரிதமா?"ன்னு பயப்படாதீங்கம்மா. அல்காரிதம்னா ஒரு வேலையை எந்த வரிசையில செய்யணும்கிற தெளிவான செய்முறை, அவ்வளவுதான். வாசல்ல நீங்க போடற சிக்குக் கோலம் என்ன? புள்ளி வைக்கிறதுக்கு ஒரு கணக்கு, புள்ளியைச் சுத்தி வளைக்கிறதுக்கு ஒரு விதி. அதையே திருப்பித் திருப்பிச் செஞ்சா வாசல் நிறையக் கோலம். இடையில ஒரு வளைவு தப்பினா, எங்கே தப்பிச்சுன்னு பாட்டி பின்னாலயே போய்க் கண்டுபிடிப்பாங்களே, அதுக்குக் கம்ப்யூட்டர்க்காரங்க வச்ச பேரு 'டிபக்கிங்'. நான் விளையாட்டுக்குச் சொல்லல. கோலத்தின் விதிகளைக் கம்ப்யூட்டர் இலக்கணமாகவே எழுதி, கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974லேயே ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். (பலத்த கைதட்டல்)

இன்னொண்ணு. ஒண்ணுலேர்ந்து நூறுக்குள்ள ஒரு எண்ணை நினைச்சுக்குங்க. நான் ஏழே கேள்வியில கண்டுபிடிச்சிடுவேன். "அம்பதுக்கு மேலயா?"ன்னு கேட்டுப் பாதியாக்குவேன், அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குவேன். ஒரு லட்சம் வரைக்கும் போனாலும் பதினேழு கேள்வி போதும். லட்சம் பேர்ல ஒருத்தரைக் கம்ப்யூட்டர் நொடியில எடுத்துக் கொடுக்கிற ரகசியங்கள்ல இது ஒண்ணு. இதைச் சொல்லித்தர பெட்டி வேணாம், கரண்ட்டும் வேணாம். நியூசிலாந்துல டிம் பெல்னு ஒரு பேராசிரியரும் அவர் நண்பர்களும் சீட்டு, சாக்பீஸ், கயிறு இதை வச்சே இந்த மாதிரிப் பாடங்களைத் தயாரிச்சு உலகத்துக்கே கொடுத்திருக்காங்க. ஆனா நடத்துறதுக்கு விஷயம் தெரிஞ்ச ஒரு டீச்சர் வேணும்.

இங்கிலாந்து சறுக்கினதும் அங்கேதான். பாடத்திட்டம் வந்தது. 2016ல பதினொண்ணு, பன்னெண்டு வயசுப் பிள்ளைங்களுக்கு 'மைக்ரோபிட்'னு குட்டிக் கம்ப்யூட்டர் சுமார் பத்து லட்சம் இலவசமா வந்தது. டீச்சர் வரல! 2017ல ராயல் சொசைட்டி மறுபடி கணக்கெடுத்தது. பதினாறு வயதுப் பொதுத்தேர்வுக்குக் கம்ப்யூட்டர் அறிவியலையே வைக்காத பள்ளிகள் 54 சதவீதம். ஆசிரியர் பயிற்சியில் சேரவேண்டிய எண்ணிக்கையில் ஐந்தாண்டுகளில் சேர்ந்தது 68 சதவீதம்தான்.

எனக்கு மனசு வலிச்சது அடுத்த கணக்கு. பழைய பாடத்தை எடுத்தவங்கள்ல பத்துக்கு நாலு பேர் பெண் பிள்ளைங்க. புதுப் பாடத்துல அஞ்சுல ஒருத்தர்தான்! பழைய பாடத்தை மூடிட்டாங்க, புதுசை நடத்தவோ தைரியம் சொல்லவோ ஆள் இல்ல. பொண்ணுங்க ஒதுங்கிட்டாங்க. பாடத்தை நவீனமாக்கினோம்னு சந்தோஷப்படற நேரத்துல வகுப்புல பாதி காலி. இதுக்கு எதிரணி என்ன பதில் சொல்லும்?

(மணி ஒலிக்கிறது)

முடிச்சிடறேன் ஐயா. அந்த அறிக்கைக்கப்புறம்தான் அரசாங்கம் 8 கோடியே 40 லட்சம் பவுண்டு ஒதுக்கி, 8,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் திட்டம் போட்டு, 2018ல அதுக்குன்னு ஒரு தேசிய மையம் தொடங்கினாங்க. 2014ல புதுப் பாடத்தோட பள்ளிக்கூடம் போன பதினோரு வயசுப் பொண்ணு, அந்த மையம் வந்தப்ப வேற பாடத்தைத் தேர்ந்தெடுத்து முடிச்சாச்சு.

(பலத்த கைதட்டல்)