ஒரு பாட்டில் கலரில் எட்டு ஸ்பூன் சர்க்கரை

பிரியாணி வாங்கினால் கூடவே ஒரு பாட்டில், கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒன்று, வெயிலில் வந்த விருந்தாளிக்கு ஒன்று என்று ‘கலர்’ எனும் குளிர்பானம் நம் சாப்பாட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எப்போதாவது குடிப்பதால் பெரிய கேடு வந்துவிடாது. அது தினசரிப் பழக்கமாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எவ்வளவு சர்க்கரை?

கோலா வகைப் பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10.6 கிராம் சர்க்கரை இருக்கிறது. 300 மில்லி பாட்டிலைக் காலி செய்தால் 32 கிராம் உள்ளே போகிறது. அதாவது எட்டு டீஸ்பூன். குளிர்ச்சியும் புளிப்பும் தித்திப்பை அடக்கிவிடுவதால் நாக்குக்கு இது தெரிவதில்லை. உணவிலும் பானங்களிலும் சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டல்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

அதே கலோரியை இரண்டு மூன்று இட்லியாகச் சாப்பிட்டால் பசி அடங்கும். பானமாகக் குடித்தால் வயிறு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வழக்கமான சாப்பாடும் குறையாமல் உள்ளே போகிறது. உடல் எடை ஏறுவது இப்படித்தான்.

சர்க்கரை குடலில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிரிகிறது. குளுக்கோஸ் ரத்தத்தில் சட்டென ஏற, கணையம் இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. ஃபிரக்டோஸின் பெரும்பகுதியைக் கையாள்வது கல்லீரல். தேவைக்கு மிஞ்சியது அங்கேயே கொழுப்பாக மாறுகிறது. மதுவைத் தொடாதவர்களுக்கும் கொழுப்புக் கல்லீரல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். யூரிக் அமிலமும் கூடுவதால் ‘கவுட்’ எனும் மூட்டுவலிக்கு வழி பிறக்கிறது.

பல ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 3 லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து 2010இல் ஓர் அறிக்கை வெளியானது. இனிப்புப் பானத்தை அரிதாகக் குடிப்பவர்களைவிட, தினமும் ஒன்றிரண்டு முறை குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 26 சதவீதம் அதிகம் என்றது அது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வு கணித்திருப்பதால், இந்த 26 சதவீதத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

பற்களுக்கு அடி இரண்டு பக்கமும். அமிலம் எனாமலை நேரடியாக அரிக்கிறது. சர்க்கரையைத் தின்னும் கிருமிகள் மேலும் அமிலத்தைச் சுரக்கின்றன. குடித்த உடனே பல் தேய்த்தால் இளகிய எனாமல் தேயும். தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துத் தேய்ப்பதே சரி.

‘டயட்’ குடிக்கலாமா?

சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பூட்டி இருக்கிறது, ஆனால் பல்லை அரிக்கும் அமிலம் அப்படியே இருக்கிறது. உடல் எடையைக் குறைப்பதற்காகச் செயற்கை இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது.

சோடா செரிமானத்துக்கு நல்லதா?

குடித்ததும் வரும் ஏப்பம், பானத்தில் அடைத்த கரியமில வாயு வெளியேறுவதுதான். பிரியாணி செரித்ததற்கு அது அடையாளம் அல்ல. வயிற்றுப்போக்கின்போது கலர் கொடுப்பது இன்னும் தவறு: மிதமிஞ்சிய சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்து, போக்கை அதிகப்படுத்தும். அப்போது தேவை ஓஆர்எஸ் கரைசல்.

என்ன செய்யலாம்?

லேபிளில் ‘100 மில்லிக்கு’ என்று போட்டிருக்கும் சர்க்கரை அளவை, பாட்டிலின் முழு அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். ரோஸ் மில்க், நன்னாரி சர்பத், சர்க்கரை சேர்த்த பழச்சாறு ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். தாகத்துக்குத் தண்ணீர், வெயிலுக்கு நீர்மோர் போதும். தினமும் குடிப்பவர்கள் முதலில் வாரம் ஒன்றாகக் குறையுங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் பெரிய பாட்டிலை வாங்கி வைக்காதீர்கள். கண்ணில் படாவிட்டால் குழந்தைகள் கேட்பதும் குறையும்.