துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம்!

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இருந்து வெளிநாட்டு வேலைக்குச் செல்பவர்களில் பலர் விமானம் ஏறுவது திருச்சியில்தான். அவர்களின் டிக்கெட்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் ஒரு குழப்பம் வரும். காலை 10 மணிக்குத் திருச்சியில் இருந்து கிளம்பும் விமானம் துபாயை 12.45க்கே அடைகிறது என்று வைத்துக் கொள்வோம். அதே 10 மணிக்குக் கிளம்பும் சிங்கப்பூர் விமானமோ மாலை 4.45க்குத்தான் சேரும். அப்படியானால் சிங்கப்பூர் அவ்வளவு தூரமா?

இல்லை. நீங்களே அளந்து பார்க்கலாம்.

தூரம் அளக்க

கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து, திருச்சி விமான நிலையத்தின் மீது ரைட் கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவில் ‘மெஷர் டிஸ்டன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின் துபாய் விமான நிலையத்தின் மீது கிளிக் செய்தால் சுமார் 2,940 கி.மீ. என்று காட்டும். இதேபோல் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தை அளந்தால் சுமார் 2,980 கி.மீ. வரும். வித்தியாசம் பெரம்பலூரில் இருந்து திருச்சிக்குப் போகும் தூரம்கூட இல்லை! கோடு வளைந்து தெரிந்தால் கவலை வேண்டாம். பூமி உருண்டை என்பதால் குறுக்கு வழி மேப்பில் அப்படித்தான் தெரியும்.

நேரம் கணக்கிட

பயணிகள் ஜெட் விமானம் மணிக்கு சுமார் 800 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. 2,980ஐ 800ஆல் வகுத்தால் 3 மணி 45 நிமிடம். ஏற, இறங்க அரை மணி சேருங்கள், மொத்தம் 4.15 மணி. துபாய்க்கும் இதே அளவுதான். காற்றின் திசை, விமானம் செல்லும் பாதை ஆகியவற்றால் சில நிமிடங்கள் மாறலாம்.

பிறகு ஏன் டிக்கெட்டில் நான்கு மணி நேர வித்தியாசம்? இறங்கும் நேரம் அந்த ஊர் கடிகாரப்படி அச்சாகிறது. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். இரண்டையும் கூட்டினால் நான்கு.

கம்ப்யூட்டரில் மூன்று கடிகாரம்

விண்டோஸின் ‘டேட் அண்ட் டைம்’ பகுதியில் ‘அடிஷனல் கிளாக்ஸ்’ வசதி உண்டு. அதில் இரண்டு வெளியூர்க் கடிகாரங்களைச் சேர்க்கலாம். பட்டியலில் துபாய் பெயர் இருக்காது. ‘அபுதாபி, மஸ்கட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிங்கப்பூருக்கு ‘கோலாலம்பூர், சிங்கப்பூர்’. பிறகு டாஸ்க்பாரில் உள்ள நேரத்தின் மீது மவுஸை வைத்தாலே மூன்று ஊர் நேரமும் தெரியும்.

தேதியில் கவனம்

கடிகாரத்தைவிட ஏமாற்றுவது தேதி. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.30 என்று இருந்தால் அது 14ஆம் தேதி இரவு கழிந்த நள்ளிரவு. 15ஆம் தேதி இரவு என்று நினைத்துப் போனால் விமானம் முதல் நாளே போயிருக்கும். கடன் வாங்கி எடுத்த டிக்கெட் வீணாகும். மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 14ஆம் தேதி இரவு 9.30க்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பெரம்பலூரோ அரியலூரோ, வீட்டில் இருந்து 7 மணிக்குள் கிளம்பி விடுங்கள்.

டிக்கெட் வந்ததும் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: வீட்டில் இருந்து கிளம்பும் தேதி, நேரம், இறங்கும் நேரம் அந்த ஊர்ப்படி, அதுவே நம் ஊர்ப்படி. மூன்றாவது வரி வீட்டில் இருப்பவர்களுக்கு. இறங்கிய பின் இமிகிரேஷன், பெட்டி எடுப்பது என ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகலாம். அதுவரை போன் வரவில்லை என்று பதற வேண்டாம்.