அரியர் விழுந்த பிள்ளைக்கு ஆலோசகர் எங்கே?

பொறியியல் முதல் பருவத் தேர்வு முடிவு வந்த வாரம் பல வீடுகளில் பேச்சே இருக்காது. ஊர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து முதலிடம் பிடித்த பிள்ளைக்கு மூன்று தாளில் அரியர். “செல்போனைத்தான் நோண்டுறான்” என்று வீடே தீர்ப்பு எழுதிவிடும்.

வகுப்பறையில் நடப்பது வேறு. “இதெல்லாம் பிளஸ் டூவுலயே படிச்சிருப்பீங்க” என்று ஆசிரியர் வகையீட்டைத் தாண்டி ஓடுகிறார். பையனுக்கும் அது தெரிந்த கணக்குதான். ஆங்கிலத்தில் வரும்போது பிடி கிடைப்பதில்லை. எழுந்து கேட்கவும் ஆங்கிலம் வேண்டுமே என்று கடைசி பெஞ்சில் ஒதுங்குகிறான். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் 2021இல் வந்தது, நல்ல காரியம். ஆனால் சீட் கொடுத்ததோடு பொறுப்பு முடிந்ததாகப் பல கல்லூரிகள் நினைக்கின்றன.

அரியரை மறைக்கத் தொடங்குவதில்தான் ஆபத்து. வகுப்புக்கு மட்டம், வருகைப்பதிவு குறைவு, அடுத்த பருவத்தில் இன்னும் இரண்டு தாள். பல நிறுவனங்களின் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பெயர் கொடுக்கவும் முடியாது. சிலர் உயிரை விடும் எண்ணம் வரை போய்விடுகிறார்கள்.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறி வகுத்திருக்கிறது. மதிப்பெண்ணைச் சொல்லிப் பலர் முன் அவமானப்படுத்துவதையும் தவிர்க்கச் சொல்கிறது. ‘மென்டர்’ என்று ஒரு பேராசிரியர் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் கணக்குத் தீர்ந்துவிடாது. அடித்தளம் பலவீனமா, மொழியா, விடுதித் தனிமையா, வீட்டுப் பணக்கஷ்டமா என்று பிரித்துப் பார்ப்பது ஆலோசகரின் வேலை. பாடம் புரியாததற்குத் துணை வகுப்புதான் மருந்து. வெறும் ஆறுதல் பேச்சு உதவாது.

ஆலோசகரே இல்லையா? முதல்வருக்கு எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் மாணவர் குறைதீர்ப்புக் குழு. யுஜிசியின் 2023 விதிப்படி அந்தக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதன் முடிவில் திருப்தி இல்லாவிட்டால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மனம் கனத்துப்போன ராத்திரியில் 14416. டெலி மானஸ் என்ற அந்த இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

கடைசித் தேதிக்குள் விடைத்தாள் நகலுக்கும் விண்ணப்பியுங்கள். கணக்கில் தப்பா, கேள்வியே புரியவில்லையா என்று அதில் தெரியும். ஆலோசகரிடம் போகும்போது கையில் எடுத்துப்போங்கள்.