வெள்ளிக்கிழமை ஊர்

மலையடி ஊர்கள் – 9

வெளியூரில் யாரிடமாவது ஒடுகத்தூர் என்று சொன்னால், "வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடுமே, அந்த ஊரா?" என்றுதான் கேட்பார்கள். எங்களுக்கும் அதில் பெருமைதான். மற்ற ஊர்களில் வாரம் திங்கட்கிழமை தொடங்கும். எங்களுக்கு எப்போதும் வெள்ளிக்கிழமைதான் தொடங்கியது. கடன் வாங்கியவர் "வெள்ளிக்கிழமை தந்துடறேன்" என்பார். கல்யாணத்துக்குத் துணி எடுப்பதும் பள்ளிக்கூடத்து நோட்டு வாங்குவதும் சந்தைக் காசு கைக்கு வந்த பிறகுதான்.

பல வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் சந்தைக்குள் போனேன். சின்ன யானை வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. வெள்ளாடு ஒரு பக்கம், செம்மறி ஒரு பக்கம். வாங்க வந்தவர் கிடாயின் வாயைப் பிளந்து பல் பார்க்கிறார். பிறகு முதுகுத்தண்டில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே பின்தொடை வரை போகிறார். கறி எத்தனை கிலோ தேறும் என்று அந்த விரல் சொல்லிவிடும். தராசு கிடையாது. சின்ன வயதில் நான் வாய் பிளந்து பார்த்தது அதற்குப் பிறகு நடப்பதைத்தான்: இருவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும், விரல்கள் விலை பேசும், முகங்கள் ஒன்றும் தெரியாததுபோல் வேறெங்கோ பார்க்கும்.

"இன்னா தம்பி, எப்போ வந்தே? நைனா நல்லா கீறாரா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார் பழைய தரகர் ஒருவர். துண்டு வியாபாரம் பற்றிக் கேட்டேன். "இப்போ போன்ல போட்டோ பாத்துட்டு, வெலயும் பேசிட்டுத்தான் வர்றாங்க. துண்டு வேர்வ தொடைக்கத்தான்" என்றார். பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் மட்டும் இன்னமும் நிற்க இடம் இருக்காதாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வியாபாரிகள் அப்போதும் இங்கே வந்தாக வேண்டும்.

இந்தச் சந்தைக்கு உயிர் கொடுத்தது மலை. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று அணைக்கட்டு ஒன்றியத்தில் மூன்று மலை ஊராட்சிகள். அங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்கள் ஆடு, சாமை, புளி, தேன், சீதாப்பழம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இறங்குவார்கள். உப்பும் கருவாடும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் மறுபடி ஏறுவார்கள். எங்கள் கடைத்தெருவின் கல்லாப்பெட்டிகள் நிறைந்தது அவர்கள் கால்களால். ஒடுகத்தூரில் படித்து வேலைக்குப் போன என் தலைமுறை முழுவதும் அந்த நடைக்குக் கடன்பட்டது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆறும் மலை தந்ததே. ஜவ்வாது மலையில் பிறக்கும் உத்திரகாவிரி எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போய், அகரம்சேரி அருகே பாலாற்றில் சேர்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மணல்தான். மழைக்காலத்தில் சில நாள் செந்நிறத்தில் பொங்கி ஓடி, சேமிக்க இடமில்லாமல் பாலாற்றுக்குப் போய்விடும். மேல் அரசம்பட்டில் அணை வரும் என்று எங்கள் அப்பா காலத்திலும் சொன்னார்கள், எங்கள் காலத்திலும் சொன்னார்கள்.

இதே ஜவ்வாதின் இன்னொரு பக்கம் காவலூர். யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று 1977-இல் உலகம் அறிந்ததில் அங்குள்ள வானாய்வுக் கூடத்துக்கும் பங்கு உண்டு. 1986-இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. எங்கள் வாத்தியார் இதைச் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. நட்சத்திரம் பார்க்க மலைமேல் சாலை போட முடிந்த நாட்டில், பீஞ்சமந்தையின் பிரசவ வலிக்காரிகளை டோலி கட்டித்தான் இறக்கினார்கள். முத்துக்குமரன் மலையிலிருந்து பீஞ்சமந்தைக்குத் தார்ச்சாலை வந்தது சமீபத்தில்தான். டோலி தூக்கிய தோள்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், அந்தச் சாலையில் ஒரு ஜீப் சாதாரணமாக ஏறிப்போவதைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கியது.

எல்லா ஊருக்கும் அது வாய்க்கவில்லை. 2023 மே மாதம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லாததால் மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் பாதி வழிக்குமேல் போக முடியவில்லை. பெற்ற தாயே பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி மலை ஏறினாள். செய்தி நாடெங்கும் போன பிறகே அதிகாரிகள் அந்தப் பாதையை அளக்க ஓடினார்கள்.

மலைக் கிராமங்களில் சாலை கேட்டுப் போராடுகிறவர்கள் பெரும்பாலும் மலை மக்களாகவே இருக்கிறார்கள். அடிவாரத்தில் கடை வைத்திருப்பவர்களும், என்னைப்போல் அங்கே படித்து வெளியூர் போனவர்களும் அவர்களோடு சேர்ந்து கேட்க வேண்டும். மலையின் கடைசிக் குக்கிராமம் வரை ஆம்புலன்ஸ் போகும் சாலை வேண்டும். ஒடுகத்தூரில் நள்ளிரவிலும் பாம்புக்கடிக்கு மருந்தும் மருத்துவரும் தயாராக இருக்க வேண்டும். ஒடுகத்தூர்க்காரர்கள் இதைப் படித்தால், அடுத்த மனுநீதி நாளில் இந்த இரண்டையும் எழுதிக் கொடுங்கள்.

(தொடரும்)