ராத்திரிக்கு மிச்சம் வைக்கும் வெயில்

காஜாங்கை ஒட்டிய பண்டார் பாரு பாங்கியில் 2007ஆம் ஆண்டு ஓர் அலுவலகக் கட்டடம் எழுந்தது. அப்போது புசாட் தெனாகா மலேசியா என்றும், பிறகு கிரீன்டெக் மலேசியா என்றும் அழைக்கப்பட்ட நிறுவனத்தின் இடம் அது. கூரை, நடுமுற்றக் கண்ணாடி, கார் நிறுத்துமிடம் என்று எல்லாவற்றின் மேலும் சேர்த்து 92 கிலோவாட் சூரியத் தகடுகள். பகலில் மிஞ்சிய மின்சாரம், மின்விநியோக நிறுவனமான தெனாகாவின் கம்பிக்குப் போனது. தேவைப்பட்டபோது அதே கம்பி வழியாக மின்சாரம் வந்தது. கட்டடம் தனக்குள் சேமித்தது குளிர்ச்சியை. கான்கிரீட் தளங்களுக்குள் பதித்த குழாய்களில் இரவில் குளிர்நீர் ஓடும். குளிர்ந்த தளங்கள் மறுநாள் பகல் முழுக்க அறைகளின் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

வரிசை வீடுகளின் கதை நேர்மாறு. செமினியிலும் சுங்கை லோங்கிலும் பகலில் பல வீடுகளில் ஆளே இருப்பதில்லை. வெயில் உச்சியில் இருக்கும்போது ஐஸ்பெட்டி மட்டும் ஓடும். ஏர்கோன் ஓடத் தொடங்குவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். வெயிலுக்கும் தேவைக்கும் இடையே இருக்கும் அந்த எட்டு, பத்து மணி நேரத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் வீட்டுச் சோலார் முழுவதற்குமான கேள்வி.

பல ஆண்டுகள் இதற்குச் சுலபமான பதில் இருந்தது. 2019 முதல், கூரையிலிருந்து கம்பிக்குப் போகும் ஒரு யூனிட்டுக்கு ஈடாக ஒரு யூனிட் கழிக்கப்பட்டது. 2021இல் வந்த நெம் ரக்யாட் திட்டமும் வீடுகளுக்கு அதே சலுகையைப் பத்து ஆண்டுகளுக்குத் தந்தது. அந்தத் திட்டத்தில் இருக்கும் வீட்டுக்குத் தெனாகா கம்பியே செலவில்லாத பேட்டரி. மின்கட்டணத்தைக் குறைக்க மட்டும் அந்த வீட்டார் பேட்டரி வாங்கினால் நட்டம்தான்.

அந்த வாசல் 2025 ஜூன் 30இல் மூடப்பட்டது. 2026 ஜனவரி முதல் இருப்பது சோலார் அதாப். இதில் வீடு வெளியே தள்ளும் யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் மட்டுமே கணக்கில் வரும். மாதம் 1,500 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு 2025 ஜூலைக் கட்டணப்படி அது 27.03 சென். உள்ளே வாங்கும் யூனிட்டுக்கோ கொள்திறன் கட்டணம் 4.55 சென்னும், கம்பிக் கட்டணம் 12.85 சென்னும் சேர்ந்து 44.43 சென் ஆகிறது. மிஞ்சிய கழிவு அடுத்த மாதத்துக்கும் போகாது.

இந்த 17.4 சென் வித்தியாசத்தில்தான் பேட்டரிக்கு வேலை பிறக்கிறது. பகலில் 8 யூனிட்டை வெளியே விடாமல் சேமித்தால் 2.16 ரிங்கிட் கழிவு கைவிட்டுப் போகும். போகவர பத்து விழுக்காடு இழப்பு என்று வைத்தால் இரவில் 7.2 யூனிட் கிடைக்கும். அதன் மதிப்பு 3.20 ரிங்கிட். நாளுக்கு ஒரு ரிங்கிட்டுக்குச் சற்று மேல் லாபம். தினமும் தவறாமல் நிரம்பினாலும் ஆண்டுக்கு 380 ரிங்கிட் அளவுதான். கட்டணத்தை மட்டும் பார்த்தால் இது மெதுவாகத் திரும்பி வரும் பணம். விற்பனையாளர் இந்தக் கணக்கைக் காட்டாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும்.

பேட்டரி வாங்கியாயிற்று என்றால், அதை இரவில் வேலை செய்யவைப்பது இன்வெர்ட்டரின் அமைப்புகள். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் முன்னுரிமை வரிசை ஒன்று இருக்கும். சில மலிவு வகைகளில் அதை எஸ்பியூ என்ற மூன்றெழுத்தில் காணலாம்: முதலில் சூரியன், அடுத்து பேட்டரி, கடைசியாகத் தெனாகா. யூஎஸ்பி என்று வைத்தால் தெனாகாவுக்கு முதலிடம். தெனாகா இருக்கும்வரை பேட்டரி நிரம்பிய நிலையிலேயே விடியும்வரை சும்மா இருக்கும். ‘பேட்டரி ராத்திரியில் இறங்கவே இல்லை’ என்ற புகார் வந்தால் வயர்மேன் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்.

அடுத்தது, பேட்டரி இறங்குவதை எங்கே நிறுத்துவது என்ற எல்லை. இங்கே பேட்டரியின் வேதியியல் குறுக்கே வருகிறது. இப்போது வீடுகளுக்கு வருபவை பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பாதி, நஞ்சுண்டசுவாமி ஆகியோருடன் ஜான் குட்எனஃப் 1997இல் வெளியிட்ட ஆய்வில் பிறந்த பொருள் அது. குட்எனஃப் 2019இல் நோபல் பரிசு பெற்றார். 3.2 வோல்ட் செல்கள் பதினாறைத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 5.12 யூனிட்.

இந்த வகையின் வோல்ட் கோடு ஏறக்குறைய மட்டமானது. முக்கால் நிறைந்திருக்கும்போதும் கால்வாசிக்கு இறங்கியபோதும் மொத்த அடுக்கில் ஓரிரு வோல்ட்தான் மாறும். ஈய-அமில பேட்டரியை மனதில் வைத்து எழுதப்பட்ட பழைய அமைப்பில், தெனாகாவுக்குத் திரும்பும் எல்லை 46 வோல்ட் என்று இருக்கும். பதினாறு செல்லுக்கு அது செல் ஒன்றுக்கு 2.9 வோல்ட்கூட இல்லை. அந்தப் புள்ளியை எட்டும்போது பேட்டரி கிட்டத்தட்ட வெறுமை. அதனால் வோல்ட்டை நம்பாமல், பேட்டரிக்குள் இருக்கும் மேலாண்மைப் பலகையோடு தகவல் கம்பியை இணைத்து, விழுக்காட்டில் எல்லை வைப்பதே சரி. 20 விழுக்காடு நல்ல தொடக்கம்.

இனி ஓர் இரவின் கணக்கு. இரண்டு அடுக்கு, 10.24 யூனிட். இருபது விழுக்காட்டை ஒதுக்கினால் 8.2. மாற்றும்போது இழப்பது போக ஏழரை. இன்வெர்ட்டர் தானே தின்பது பலர் மறந்துவிடும் செலவு: 50 வாட் என்றாலும் பன்னிரண்டு மணி நேரத்தில் 0.6 யூனிட். மிச்சம் ஏறக்குறைய 7. ஒரு குதிரைச்சக்தி ஏர்கோன் சராசரி அரை கிலோவாட் எடுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 4 யூனிட், ஐஸ்பெட்டி 0.7, மூன்று மின்விசிறிகள் 1.4, விளக்கு, வைஃபை 0.4. மொத்தம் 6.5, விடியும்வரை தாங்கும். இரண்டாவது அறையிலும் ஏர்கோன் ஓடினால் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே எல்லையைத் தொட்டு வீடு தெனாகாவுக்கு மாறிவிடும். அது கோளாறு இல்லை, இருப்பு அவ்வளவுதான்.

காஜாங்குக்கென்று ஓர் அமைப்பு உண்டு, வெளிநாட்டுக் கையேடுகளில் அது இருக்காது. 1982இல் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டதிலிருந்து இங்கே சூரியன் உச்சிக்கு வருவது மதியம் ஒன்றே கால் மணிவாக்கில். பருவமாற்ற மாதங்களான ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் மூன்று, நான்கு மணிக்கே இடிமழை கொட்டிவிடும். மாலைவரை வெயில் இருக்கும் என்று எண்ணிப் பேட்டரிக்குச் செல்லும் ஆம்பியரைக் குறைத்து வைத்தால், பாதி நிறைவதற்குள் வானம் கறுத்துவிடும். பேட்டரி அனுமதிக்கும் வரம்புக்குள், காலை பத்திலிருந்து இரண்டு மணிக்குள் நிரம்புமாறு வைப்பது இந்த ஊருக்கு ஏற்றது. அதே இடிமழைக்காக மின்னல் தடுப்பானையும் பொருத்தியாக வேண்டும்.

நேரவாரிக் கட்டணத்துக்கு மாறியவர்களுக்கு இன்னொரு ஆசை வரும். வார நாளில் மதியம் 2 முதல் இரவு 10 வரை யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் 28.52 சென், மற்ற நேரத்தில் 24.43. நள்ளிரவில் தெனாகாவிலிருந்து நிரப்பி மாலையில் செலவிட்டால் என்ன? மற்ற கட்டணங்களையும் சேர்த்தால் நள்ளிரவு யூனிட் 41.83 சென். பத்து விழுக்காடு இழப்போடு அது வெளியே வரும்போது 46 சென்னைத் தாண்டுகிறது. மாலை விலையோ 45.92. ஆகவே தெனாகாவிலிருந்து பேட்டரியை நிரப்பும் அமைப்பை அணைத்து வைப்பதே மேல்.

கட்டணக் கணக்கில் வராத பயன் ஒன்று இருக்கிறது. 2022 ஜூலை 27, நண்பகல் தாண்டியதும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல இடங்களில் மின்சாரம் போனது. வெயில் உச்சியில் இருந்தும், மின்சாரம் போன வீடுகளின் சாதாரண சோலார் இன்வெர்ட்டர்கள் உடனே நின்றிருக்கும். கம்பியைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்க அவை அப்படித்தான் செய்யப்படுகின்றன. பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரில் அவசரத்துக்கென்று தனி முனை உண்டு. ஆனால் அதில் எந்த வயர் இணைக்கப்பட்டிருக்கிறதோ அது மட்டும்தான் எரியும். ஐஸ்பெட்டி, படுக்கையறை விசிறிகள், வைஃபை, வீட்டில் முதியவர் இருந்தால் அவருடைய மூச்சுக் கருவி ஆகியவற்றை உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு தனிப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். 3.6 கிலோவாட் குளியல் ஹீட்டரை அந்தப் பெட்டிக்கு வெளியே விட வேண்டும். எல்லாம் முடிந்ததும், வேலை செய்தவர் வீட்டைவிட்டுப் போகும் முன், மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லி எது எரிகிறது, எது அணைகிறது என்று அறை அறையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.